பழையதைத் திருத்துவதா, புதியது வாங்குவதா? இந்திய வேட்டைத் துப்பாக்கியின் கதை

வேட்டைத் துப்பாக்கி ஒன்று தேய்ந்துபோகும்போது, அல்லது காலத்துக்குப் பின்தங்கிவிடும்போது, அதன் உரிமையாளர் முன் இரண்டு வழிகள் நிற்கின்றன. குழலை மாற்றி, கட்டையைச் சீர்செய்து, குறிமுள்ளைத் திருத்திப் பழையதையே தொடர்ந்து பயன்படுத்தலாம். அல்லது அதை ஒதுக்கிவிட்டுப் புதியது ஒன்றை வாங்கலாம். வேட்டை இன்றும் சட்டப்படி நடக்கும் நாடுகளில், கையிருப்பும் கம்மியரின் திறனும் பழகிய பொருளின்மீதுள்ள பற்றும் சேர்ந்து இக்கேள்வியைத் தீர்த்துவிடும். இந்தியாவில் கடந்த நூற்றறுபது ஆண்டுகளாக இதற்கு முதல் விடை சொல்லிவந்தது அரசு. எந்தக் குழல், எத்தனை அங்குலத் துளை, யார் கையில் என்பதை அரசு தீர்மானித்த பிறகே உரிமையாளரின் விருப்பத்துக்கு இடம் கிடைத்தது. இங்குள்ள துப்பாக்கிகளின் வடிவத்தையும் அளவையும் ஊன்றிப் பார்த்தால், அந்தந்தக் காலத்து அச்சங்களை அவற்றில் படிக்க முடியும்.

1. உள்ளே குடையப்பட்ட என்ஃபீல்டு

1853-ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைஃபிள், 1857 எழுச்சியோடு சேர்த்தே நினைக்கப்படுகிறது. பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டா உறையைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும் என்ற செய்தி சிப்பாய்களிடையே மூட்டிய கொதிப்பைப் பள்ளிப் பாடநூல்களும் சொல்கின்றன. எழுச்சி அடங்கிய பின் அந்த ரைஃபிளுக்கு என்ன நேர்ந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

ரைஃபிளின் சிறப்பு அதன் குழலுக்குள் வெட்டப்பட்ட சுருள்வரிகளில் இருக்கிறது. அவ்வரிகள் குண்டைச் சுழலவைக்கின்றன. சுழலும் குண்டு நெடுந்தொலைவு நேராகச் செல்கிறது. முந்தைய மஸ்கட்டின் குழல் வழுவழுப்பானது. நூறு கஜத்துக்கு அப்பால் நிற்கும் ஒருவரை அதனால் குறிவைத்து வீழ்த்துவது அரிது. என்ஃபீல்டு அந்தத் தொலைவைப் பல மடங்கு கூட்டியது. எழுச்சியில் அதன் ஆற்றலைக் கண்ட ஆட்சியாளர்கள், இந்தியப் படைவீரர்களுக்கென 1858-இல் தனி மாதிரி ஒன்றை வகுத்தார்கள். 0.577 அங்குலக் குழல் 0.656 அங்குலமாகக் குடையப்பட்டது. சுருள்வரிகள் மறைந்தன. தொலைவுக்கேற்ப உயர்த்தித் தாழ்த்தும் பின்குறியின் இடத்தில் அசையாத எளிய குறி ஒன்று வைக்கப்பட்டது. வெளித்தோற்றத்தில் அது என்ஃபீல்டு. சுடும்போது பழைய மஸ்கட்.

குடைந்ததால் குழலின் சுவர் மெலிந்துபோனது. அதனால் எளிதில் நெளிந்தது. அடுத்த ஆண்டே கனத்த குழலுடன் 1859-ஆம் ஆண்டு மாதிரி வந்தது. ஆனால் அதிலும் சுருள்வரி இல்லை. பழையதைத் திருத்துவது பொதுவாக அதை மேம்படுத்துவதற்காகவே. இங்கோ நல்ல ரைஃபிள் ஒன்று, அதை ஏந்துபவரை நம்ப முடியாது என்ற காரணத்துக்காகக் கெடுக்கப்பட்டது. கம்மியரின் கருவி அரசியலின் கருவியானது.

2. ஒரு தலைமுறை பின்னால்

1860-களில் ஐரோப்பியப் படைகள் வேறொரு நெருக்கடியில் இருந்தன. குழலின் வாய்வழியாக மருந்தையும் குண்டையும் கெட்டிக்கும் முறை வழக்கொழிந்துகொண்டிருந்தது. குழலின் பின்புறம் தோட்டாவைச் செருகும் பிரஷ்ய ரைஃபிள்கள் 1866 போரில் ஆஸ்திரியாவைத் திணறடித்தன. பிரிட்டனிடமோ வாய்வழி நிரப்பும் என்ஃபீல்டுகள் லட்சக்கணக்கில் குவிந்திருந்தன. அவற்றைத் தூக்கியெறிந்து புதியன செய்வதா, இருப்பவற்றைத் திருத்துவதா?

அமெரிக்கரான ஜேக்கப் ஸ்னைடரின் முறை விடையாக அமைந்தது. குழலின் பின்முனையில் ஏறத்தாழ இரண்டரை அங்குலத்தை வெட்டியெடுத்து, பக்கவாட்டில் திறக்கும் மூடியுள்ள ஒரு பகுதியை அங்கே பொருத்திவிட்டால் போதும். நிமிடத்துக்கு மூன்று முறை சுட்ட துப்பாக்கி பத்து முறை சுட்டது. புதிய ரைஃபிளின் விலையில் சிறு பங்கே செலவானது. ஸ்னைடர் அதன் பலனைக் காணவில்லை. தம் முறை ஏற்கப்பட்ட 1866-ஆம் ஆண்டிலேயே வறுமையில் இறந்தார்.

ஸ்னைடர் ஓர் இடைக்கால ஏற்பாடுதான். 1871-இல் முற்றிலும் புதிய வடிவமைப்பான மார்ட்டினி-ஹென்றி வந்தது. பிரிட்டிஷ் வீரர்கள் அதைப் பெற்றார்கள். அவர்கள் கைவிட்ட ஸ்னைடர் இந்திய வீரர்களிடம் வந்தது. 1878-இல் தொடங்கிய இரண்டாம் ஆப்கானியப் போரில் இருவரும் ஒரே களத்தில் வெவ்வேறு தலைமுறைத் துப்பாக்கிகளோடு நின்றார்கள். பிரிட்டிஷ் படைக்கு 0.303 அங்குல லீ-மெட்ஃபோர்டு வந்தபோது இந்தியர் கைக்கு மார்ட்டினி வந்தது. 1914-இல் பிரான்சின் மார்சேய் துறைமுகத்தில் இறங்கிய இந்தியப் படையினரின் பழைய ரைஃபிள்கள் அங்கேதான் புதியவற்றுக்கு மாற்றிக்கொள்ளப்பட்டன. ஐரோப்பியக் களத்தில் அவர்கள் தேவைப்பட்டபோது நம்பிக்கையும் வந்து சேர்ந்தது.

குடிமக்கள் நிலையும் இதையொத்ததே. 1878-ஆம் ஆண்டு படைக்கலச் சட்டம், துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும் என்றது; ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ-இந்தியருக்கும் விலக்களித்தது. இந்த வேறுபாடு இந்தியர் மனத்தில் நீண்ட காலம் உறுத்தியது. 1930-இல் காந்தி முன்வைத்த பதினொரு கோரிக்கைகளில், தற்காப்புக்குத் துப்பாக்கி உரிமம் வழங்க வேண்டும் என்பதும் ஒன்று. அகிம்சையைப் போதித்தவர் அதைக் கேட்டது முரணாகத் தோன்றலாம். அவர் எதிர்த்தது ஒரு மக்கள் கூட்டத்தையே நம்பத் தகாதவர் என முத்திரை குத்தும் சட்டத்தை.

3. சம்பாவத், 1907

இந்தப் படிநிலை வேட்டைக் காட்டில் எப்படித் தெரிந்தது என்பதற்கு ஜிம் கார்பெட்டின் துப்பாக்கிகளே நல்ல சான்று. சிறுவயதில் அவருக்குக் கிடைத்த முதல் துப்பாக்கி, வாய்வழி நிரப்பும் பழைய இரட்டைக்குழல். அளவுக்கு மீறி மருந்து கெட்டித்ததால் அதன் வலக்குழல் பிளந்திருந்தது. குழல்களையும் கட்டையையும் பித்தளைக் கம்பி சுற்றிக் கட்டிவைத்திருந்தார்கள். அவர் இடக்குழலை மட்டும் பயன்படுத்திக் காட்டைக் கற்றார். பின்னர் நைனிதால் தன்னார்வப் படையின் மார்ட்டினி ஒன்று இரவலாகக் கிடைத்தது. படை கைவிட்டதை வேட்டைக்காரர் ஏற்பது அன்றைய வழக்கம்.

1907-இல் குமாவோன் மலைப்பகுதியில் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை அவர் எதிர்கொண்டபோது கையில் இருந்தது 0.500 அங்குல ரைஃபிள். அவர் அதை ‘மாற்றியமைத்த கார்டைட்’ ரைஃபிள் என்று குறிக்கிறார். இச்சொல்லுக்குப் பின்னால் அக்காலத்தின் பெரிய மாற்றம் ஒன்று இருக்கிறது. பழைய கருமருந்து எரியும்போது குழலில் எழும் அழுத்தம் குறைவு. புகையில்லா மருந்தான கார்டைட் எழுப்பும் அழுத்தம் மிக அதிகம். கருமருந்துக்கெனச் செய்த குழலில் முழு அளவு கார்டைட்டை வெடித்தால் குழல் கிழியக்கூடும். எனவே பழைய ரைஃபிள்களின் உரிமையாளர்களுக்காக அளவு குறைத்து நிரப்பிய கார்டைட் தோட்டாக்கள் விற்பனைக்கு வந்தன. துப்பாக்கியைத் திருத்தாமல் தோட்டாவைத் திருத்தும் வழி இது. புதியது வாங்க இயலாத பலருக்கு இதுவே கைகொடுத்தது.

அன்று கார்பெட் எடுத்துச் சென்றவை மூன்றே தோட்டாக்கள். மூன்றும் தீர்ந்தபின் காயம்பட்ட புலி எதிரே நின்றது. சம்பாவத் தாசில்தாரின் பழைய துப்பாக்கியை ஓடிச்சென்று வாங்கிவந்தார். குழலுக்கும் பின்மூடிக்கும் இடையே கண்ணுக்குத் தெரியும்படி இடைவெளி விழுந்திருந்த துப்பாக்கி அது. சுட்டால் பின்புறம் வெடித்து முகத்தைச் சிதைத்திருக்கலாம். அதைத் தெரிந்துகொண்டேதான் சுட்டார். குண்டு குறிதவறிப் புலியின் பாதத்தில் பட்டது. முந்தைய காயங்களால் புலி இறந்தது. நூற்றுக்கணக்கான உயிர்களைக் குடித்த விலங்கின் முன் மனிதனைக் காத்தது அந்தப் பழைய துப்பாக்கி என்று சொல்வதற்கில்லை.

பின்னர் நைனிதாலில் ஐக்கிய மாகாணத் துணை ஆளுநர் ஜே. பி. ஹெவெட் நடத்திய தர்பாரில் தாசில்தாருக்குப் பரிசாக ஒரு துப்பாக்கி வழங்கப்பட்டது. கார்பெட்டுக்கு ஹெவெட் அளித்தது லண்டன் ரிக்பி நிறுவனத்தின் 0.275 அங்குல ரைஃபிள். ஜெர்மனியின் 7 மில்லிமீட்டர் மவுசர் தோட்டாவுக்கு ரிக்பி இட்ட ஆங்கிலப் பெயர்தான் ‘275’. எடை குறைவு, குறி துல்லியம். பிற்காலத்து வேட்டைகள் பலவற்றில் அது அவருடன் சென்றது. பிறகு அவருடைய பதிப்பகமான ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்திடம் சேர்ந்தது. 2015-இல் அதைச் செய்த நிறுவனமே திரும்ப வாங்கிக்கொண்டது.

சம்பாவத்தில் பழையதா புதியதா என்ற கேள்விக்கு ஐயத்துக்கிடமற்ற விடை கிடைத்தது. பாதுகாப்பு சார்ந்த குறை இருக்கும் துப்பாக்கியில் உணர்வுக்கு இடமில்லை. ஆனால் அதைப் புதிதாக மாற்றித்தர ஒரு துணை ஆளுநரின் தர்பார் தேவைப்பட்டது என்பதும் கவனிக்கத்தக்கது.

4. நானூற்றைம்பதுக்கு வந்த தடை

ஏறத்தாழ அதே காலத்தில் இந்திய வேட்டை உலகைப் புரட்டிப்போட்ட ஆணை ஒன்று வந்தது. 1898-இல் ரிக்பி நிறுவனம் அறிமுகப்படுத்திய 0.450 அங்குல நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டா, யானை, காட்டெருமை, புலி வேட்டைக்கு உகந்ததெனப் பெயர்பெற்றிருந்தது. இந்தியாவிலிருந்த ஐரோப்பிய அதிகாரிகளும் சமஸ்தான மன்னர்களும் அதற்கான இரட்டைக்குழல் ரைஃபிள்களைப் பெருந்தொகை கொடுத்து வாங்கியிருந்தனர். 1907-ஐ ஒட்டி, 0.450 அங்குல ரைஃபிள்களையும் அவற்றின் தோட்டாக்களையும் இந்தியாவிலும் சூடானிலும் இறக்குமதி செய்யக்கூடாது என்று பிரிட்டிஷ் அரசு தடை விதித்தது.

காரணம் காட்டில் இல்லை. வடமேற்கு எல்லையில் இருந்தது. மார்ட்டினி-ஹென்றியின் துளையும் 0.450 அங்குலம்தான். பாரசீக வளைகுடா வழியே மார்ட்டினி ரைஃபிள்கள் கடத்தப்பட்டு எல்லைப்புறப் பட்டாணியரிடம் சேர்ந்துகொண்டிருந்தன. கோஹாட்டுக்கு அருகே தர்ரா ஆதம் கேலின் கம்மியர்கள் அவற்றைப் பார்த்துத் தாமே புதிதாகச் செய்துகொண்டிருந்தனர். வேட்டைக்கென வரும் குண்டும் தோட்டாவும் அந்தத் துப்பாக்கிகளுக்குப் பயன்பட்டுவிடக்கூடும் என்று அரசு அஞ்சியது.

இங்கிலாந்தின் துப்பாக்கி நிறுவனங்களுக்கு இந்தியா பெரும் சந்தை. அவை தடையைச் சுற்றிச் செல்ல வழி தேடின. 0.450-ஐவிடச் சற்றே பெரிய துளைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன: ஹாலண்ட் அண்ட் ஹாலண்டின் 465, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸின் 476, ஜோசப் லாங் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் 470, இவற்றோடு 475-இன் வகைகள். சுடும் ஆற்றலில் இவற்றுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை. காகிதத்தில் 450 என்ற எண்ணைத் தவிர்ப்பதே இவை பிறந்ததன் நோக்கம். ஆப்பிரிக்காவில் இன்றும் யானை வேட்டைக்குப் பெயர்பெற்று நிற்கும் 470, இந்திய எல்லைக் கடத்தலைப் பற்றிய அச்சத்தின் வழித்தோன்றல் என்பது பலரும் அறியாத செய்தி.

ஏற்கெனவே 450 வைத்திருந்தவரின் நிலை என்ன? குழலைக் குடைந்து 470 ஆக்கிவிடலாம் என்று தோன்றும். இரட்டைக்குழல் ரைஃபிளில் அது எளிதன்று. அதன் இரு குழல்களும் ஒன்றுக்கொன்று முற்றும் இணையாக நிற்பதில்லை. குறிப்பிட்ட தொலைவில் இரண்டின் குண்டுகளும் ஒரே இடத்தில் படும்படி மிக நுண்ணிய கோணத்தில் சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். அந்தக் கோணம் குறிப்பிட்ட ஒரு குண்டின் எடைக்கும் மருந்தின் அளவுக்கும் ஏற்பச் சுட்டுச் சுட்டுப் பார்த்துச் சரிசெய்யப்பட்டது. துளையையும் குண்டையும் மாற்றினால் வலக்குழல் ஒருபுறமும் இடக்குழல் ஒருபுறமும் சுடும். பற்றைப் பிரித்து மீண்டும் சேர்க்க வேண்டும். அதற்கு லண்டனுக்கோ பர்மிங்காமுக்கோ அனுப்ப வேண்டும். பிறகு அங்குள்ள சோதனைச் சாலையில் மிகையழுத்தத் தோட்டாவால் சுட்டு முத்திரை பெற வேண்டும். இத்தனைக்கும் ஆகும் செலவோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் புதியதே கிடைக்கும். ஒற்றைக்குழல் ரைஃபிளில் குழல் மாற்றம் தச்சர் கதவு மாற்றுவது போன்றது. இரட்டைக்குழலில் அது வீட்டின் அடித்தளத்தைத் தோண்டுவது.

5. 315 என்ற எண்

பெருந்துளை ரைஃபிள்கள் செல்வர்களுக்கானவை. எளிய உழவருக்கும் சிறு ஜமீன்தாருக்கும் வேறு கதை. படையின் 0.303 தோட்டாவும் குடிமக்களுக்கு மறுக்கப்பட்டது. படைக்கிடங்கிலிருந்து கசியும் தோட்டாக்கள் தனியார் துப்பாக்கிகளில் பொருந்திவிடக் கூடாது என்பதே கணக்கு. ஆனால் லீ-என்ஃபீல்டின் இயங்குபகுதியோ உறுதியானது, மலிவானது, புழுதியிலும் மழையிலும் தளராதது. அதை வைத்துக்கொண்டு தோட்டாவை மட்டும் மாற்ற முடியுமா?

ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையின் 8 மில்லிமீட்டர் மன்லிச்சர் தோட்டா இதற்குப் பொருந்தியது. 303-ஐப் போலவே அதன் அடியில் விளிம்பு இருந்தது. லீ வகை ரைஃபிளில் பெரிய மாற்றமின்றி இயங்கியது. இந்தியாவில் எந்தப் படைக்கிடங்கிலும் அந்தத் தோட்டா கிடையாது. 8 மில்லிமீட்டரை அங்குலத்தில் சொன்னால் 0.315. பர்மிங்காமின் பி.எஸ்.ஏ. நிறுவனம் இந்தியச் சந்தைக்கென இத்தகைய ரைஃபிள்களைச் செய்தது. பின்னர் கொல்கத்தாவுக்கு அருகே ஹூக்ளிக் கரையில் 1904-இல் தொடங்கப்பட்ட இச்சாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையும் இதைச் செய்யத் தொடங்கியது. தோட்டாவைத் தோற்றுவித்த பேரரசு 1918-இல் சிதைந்துபோனது. அதன் தோட்டா வங்காளத்தில் தொடர்ந்து உயிர்வாழ்ந்தது.

படைத் துப்பாக்கியின் உடலும் அயல்நாட்டுத் தோட்டாவின் துளையும் சேர்ந்த இந்தக் கலப்பே, இந்திய உழவரின் ‘புதிய’ ரைஃபிளானது. காட்டுப்பன்றியிடமிருந்தும் நீலமானிடமிருந்தும் பயிரைக் காக்க உரிமம் பெற்றவர்கள் அதிகம் வாங்கியவற்றுள் இதுவும் ஒன்று. இன்று உத்தரப் பிரதேச, பிகார் செய்தித்தாள்களில் ‘315 போர்’ என்ற தொடர் அடிக்கடி வரும். சட்டவிரோதமான கள்ளத் துப்பாக்கிகளும் இதே தோட்டாவுக்கென்றே செய்யப்படுகின்றன. கிடைக்கும் தோட்டாவுக்கு ஏற்பத்தானே குழல் அமையும்! படைத் தோட்டாவைக் கள்ளக் கைகளிலிருந்து காக்க உருவான எண், இறுதியில் கள்ளத் துப்பாக்கியின் பெயராகவே வழக்கில் நிலைத்துவிட்டது.

6. விடுதலைக்குப் பின்

1962 சீனப் போரில் இந்திய வீரர்கள் ஏந்தியிருந்தது பெரும்பாலும் 303 லீ-என்ஃபீல்டு. போர் முடிந்ததும் பழைய கேள்வி புதிய நாட்டின் முன் வந்து நின்றது. தானாகத் தோட்டா ஏற்றும் புதிய ரைஃபிள் ஒருபுறம் உற்பத்திக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. அதே வேளையில் இச்சாப்பூர் பழைய லீ வடிவத்தை எடுத்து, இன்னும் வலிய எஃகில், 7.62 மில்லிமீட்டர் நேட்டோ தோட்டாவுக்கு ஏற்பச் செய்தது. 2ஏ, 2ஏ1 எனப் பெயர்பெற்ற இவை, கையால் இயக்கும் போல்ட் அமைந்த படைத் துப்பாக்கிகளின் நீண்ட மரபில் கடைசிக் கொழுந்துகள். காவல்துறையில் பழைய 303 இதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நீடித்தது. உத்தரப் பிரதேசக் காவல்துறை அதற்கு முறையாக விடைகொடுத்தது 2020 குடியரசு நாளன்றுதான்.

வேட்டைக்காரரின் உலகமோ அதற்கு முன்பே மூடிவிட்டது. 1970-இல் புலி வேட்டை தடைசெய்யப்பட்டது. 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. 1991 திருத்தம் எஞ்சியிருந்த வேட்டை வாய்ப்புகளையும் ஏறத்தாழ முற்றாக நீக்கியது. சரணாலயத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் வாழும் உரிமதாரர் தம் பெயரைப் பதிவுசெய்ய வேண்டும் என்றும் சட்டம் கேட்டது. விலங்குகள் அழிந்துகொண்டிருந்த வேகத்தைப் பார்த்தால் இச்சட்டங்கள் தாமதமாக வந்தவை என்றே சொல்ல வேண்டும். ஆயினும் அவற்றால், ஒரு பயனுக்கெனச் செய்யப்பட்ட பல்லாயிரம் பொருள்கள் ஒரே தலைமுறையில் பயனற்றுப்போயின. 1980-களில் தனியார் துப்பாக்கி இறக்குமதியும் கட்டுப்படுத்தப்பட்டது. புகழ்பெற்ற குறிசுடும் வீரர்கள் போன்ற சிலருக்கே விலக்கு. புதிய அயல்நாட்டு ரைஃபிள் வராது என்றானதும், ஏற்கெனவே நாட்டுக்குள் இருந்த பழையவற்றின் விலை ஏறியது. வேட்டையாட முடியாத வேட்டைத் துப்பாக்கி விலைமதிப்புள்ள பொருளாயிற்று.

7. பழுதும் சட்டமும்

இன்று ஒருவருக்குத் தாத்தாவின் 315 ரைஃபிளோ, முத்திரை மங்கிய இரட்டைக்குழலோ மரபுரிமையாக வருகிறது என்று கொள்வோம். குழலில் துரு, கட்டையில் விரிசல். என்ன செய்யலாம்?

1959-ஆம் ஆண்டு படைக்கலச் சட்டத்தின்படி துப்பாக்கி செய்வதற்கும் விற்பதற்கும் மட்டுமன்றி, மாற்றியமைப்பதற்கும் பழுதுபார்ப்பதற்கும் உரிமம் வேண்டும். குழலைக் குறுக்குவதற்குத் தனி அனுமதி வேண்டும். 2019 திருத்தம், விதிகளில் ஒரு வகையாகப் பட்டியலிடப்பட்ட துப்பாக்கியை வேறு வகையாக மாற்றுவதையும் இதே வரம்புக்குள் கொண்டுவந்தது. உரிமப் புத்தகத்தில் துப்பாக்கியின் வகையும் எண்ணும் எழுதப்பட்டிருக்கின்றன. எனவே துளையை மாற்றுவது இரும்பை மாற்றுவதோடு முடிவதில்லை. ஆவணமும் மாற வேண்டும். புதியது வாங்கலாம் என்றால், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை அதே திருத்தம் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்துவிட்டது. மரபுரிமையாக வருவதும் இந்த இரண்டுக்குள் அடங்க வேண்டும். மூன்று வைத்திருந்தவர்கள் எதை விடுவது என்று ஓராண்டுக்குள் முடிவுசெய்து ஒப்படைக்க வேண்டியிருந்தது. புதியதை வாங்குவது என்பது பல வீடுகளில் பழையதை இழப்பது என்றே பொருள்பட்டது.

சட்டத்தின் 45-ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. வழக்கொழிந்த மாதிரியோ, தொல்பொருள் மதிப்புடையதோ, பழுதுபட்டதோ ஆன ஆயுதம், பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடப் பயன்படாது என்றால், அதற்குச் சட்டம் பொருந்தாது. இந்த வாசகத்தின் சொல்லமைப்பு நுட்பமானது. சுடாத துப்பாக்கி என்பதால் மட்டும் விலக்குக் கிடைக்காது. திருத்தினாலும் சுடாது என்றிருக்க வேண்டும். கம்மியர் ஒருவர் உயிர்கொடுக்கக்கூடிய பழைய துப்பாக்கி, சட்டத்தின் பார்வையில் இன்றைய துப்பாக்கியே. திருத்தவே முடியாதபோதுதான் அது பழம்பொருளாகிறது. வேறு துறைகளில் பழம்பொருளைப் பாதுகாப்பது என்பது அதை இயங்கும் நிலையில் வைப்பது. துப்பாக்கியில் மட்டும், தாத்தாவின் பொருளைத் தடையின்றி வீட்டில் வைத்துக்கொள்ள விரும்புபவர் அதை மீட்க முடியாதபடி ஊமையாக்க வேண்டியிருக்கிறது.

துப்பாக்கி வன்முறையின் விலையை அறிந்த ஒரு சமூகம் இத்தகைய கடுமையைத் தேர்ந்துகொள்வதில் நியாயம் உண்டு. அதே வேளையில், குழலுக்குள் விளக்கொளி விட்டுத் தேய்மானத்தைப் படிக்கவும், வாதுமைக் கட்டையின் நரம்போட்டம் பார்த்துச் செதுக்கவும் தெரிந்த கம்மியர் மரபு ஒன்று அருகிவருகிறது. மீர் காசிம் 1760-களில் ஆயுதப் பட்டறை அமைத்த முங்கேரில் இம்மரபின் சட்டப்பூர்வமான எச்சம் இன்றும் இருக்கிறது. அதன் நிழலில் கள்ளப் பட்டறைகளும் இருக்கின்றன. உரிமம் பெற்ற வேலை சுருங்கும்போது திறன் எந்தப் பக்கம் நகரும் என்பதை அந்நகரத்தின் பெயர் செய்திகளில் வரும் விதமே காட்டுகிறது.

8. குடகின் விதிவிலக்கு

இந்தக் கதையில் ஒரு மாற்றுக்குரல் கர்நாடகத்தின் குடகு மலையில் ஒலிக்கிறது. 1861-இல் ஆணையர் மார்க் கப்பன், குடகரின் விசுவாசத்தைச் சுட்டி, ஆயுதக் களைவுச் சட்டத்திலிருந்து அவர்களுக்கு விலக்களித்தார். 1857-க்குப் பின் நாடு முழுதும் துப்பாக்கிகள் பறிக்கப்பட்ட அதே காலம் அது. விடுதலைக்குப் பின்னும் குடவர் இனத்தாருக்கும் ஜம்மா நிலம் உடையோருக்கும் அந்த விலக்கு தொடர்கிறது. 2019-இல் ஒன்றிய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அது செல்லும் என்றது.

அங்கே ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வெடி, இறப்பு நேர்ந்தால் இரண்டு வெடி என்பது மரபு. கைல்போள்து என்னும் படைக்கல விழாவில் வீட்டுத் துப்பாக்கியைத் துடைத்து, வழிபட்டு, குழல்முனையில் ஒரு பூவைச் செருகுகிறார்கள். துப்பாக்கியைக் குடவ மொழி ‘தோக்கு’ என்கிறது. அந்தப் பூவுக்குத் ‘தோக்குப் பூ’ என்று பெயர். தமிழர் செங்காந்தள் என்று அழைக்கும் அதே பூ. நெருப்புச் சுடர்போல் விரியும் அந்த மலரை ஒரு மொழி விரல்களோடும் வளையலணிந்த கையோடும் ஒப்பிட்டு மகிழ்ந்தது. பக்கத்து மலையின் மொழி துப்பாக்கியின் பெயரையே அதற்குச் சூட்டியது.

குடகின் வீடுகளிலும் பழைய துப்பாக்கியைத் திருத்துவதா, புதியது வாங்குவதா என்ற கேள்வி எழத்தான் செய்யும். ஆனால் அதைத் தீர்மானிக்க அவர்கள் பார்ப்பது குழலின் சுவரையும் கட்டையின் விரிசலையும், அதை முன்பு ஏந்தியவர் யார் என்பதையும். நாட்டின் பிற பகுதிகளில் ஒருவர் முதலில் பார்க்க வேண்டியிருப்பது உரிமப் புத்தகத்தை. 1858-இல் சுருள்வரிகளைக் குடைந்தெடுத்த கை முன்வைத்த கேள்வி, ‘இவரை நம்பலாமா?’ என்பது. கேட்பவர் மாறியிருக்கிறார், காரணங்களும் பலவகையில் மாறியிருக்கின்றன. கேள்வி மட்டும், மங்கிய முத்திரையோடு, ஒவ்வொரு பழைய குழலின்மீதும் இன்னும் இருக்கிறது.